பழைய ஐகானுக்கு எந்த டிப்?

பொத்தேரியில் மின்சார ரயில் ஏறினால் காட்டாங்கொளத்தூர், அதற்கடுத்து மறைமலை நகர். ஃபோர்டு ஐகான் பிறந்த ஊர் அது. 1999 நவம்பரில் 'ஜோஷ் மெஷின்' என்ற விளம்பரத்தோடு சந்தைக்கு வந்த கார். அதன் 1.6 லிட்டர் ரோகாம் எஞ்சின் சுமார் 90 குதிரைத்திறன் தந்தது. வண்டியின் எடையோ ஏறத்தாழ ஒரு டன்தான். நான்கு கதவும் டிக்கியும் உள்ள வண்டி என்பதால் இலக்கணம் பார்ப்பவர்கள் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒப்ப மாட்டார்கள். ஆனால் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் எதுவும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத அந்த ஆண்டுகளில், ஓட்டும் சுகத்துக்காகவே கார் தேடியவர்கள் வந்து நின்ற இடம் இது. 2011-இல் ஐகான் உற்பத்தி நின்றது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவிக்க, அடுத்த ஆண்டு மறைமலை நகர் ஆலையும் ஓய்ந்தது. ஆலை ஓய்ந்த பிறகும் ஜி.எஸ்.டி. சாலையில் ஐகான்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பாசத்தால் வைத்திருப்பவர்கள்.

இப்படிப்பட்ட வண்டியில் வயது முதலில் தெரியும் இடங்களில் ஒன்று பின்பக்கம். பம்பருக்குக் கீழே துருவேறி, விளிம்பு அரித்து, கரி படிந்து நிற்கும் சைலன்சர் குழாய் நன்றாகப் பெயின்ட் அடித்த வண்டியையும் கிழடாகக் காட்டிவிடும். உடனே சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னும் டிப்புகளில், அதாவது குழாயின் நுனியில் மாட்டும் அலங்கார உறைகளில், ஒன்றைப் பொறுக்கி வருகிறோம். பட்டறையில் கொடுத்தால் பத்து நிமிட வேலை. இந்தப் பத்து நிமிட வேலையை இவ்வளவு கூர்ந்து எடைபோட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும் என்பதே என் வாதம். தவறான டிப் சைலன்சரின் ஆயுளைக் குறைக்கும், பம்பரை உருக்கும், ஓயாமல் கிணுகிணுக்கும், சில வேளைகளில் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். சரியான டிப் பத்தாண்டு காலம் இருக்கும் இடம் தெரியாமல் இருக்கும்.

டிப்பை ஆதரித்துப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: வேகம் கூடும், சத்தம் கம்பீரமாகும், வண்டி அழகாகும். ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு உலோகம், அளவு, பொருத்தும் முறை ஆகியவற்றுக்கு வருவோம்.

வேகம், சத்தம், அழகு

வேகத்தை முதலில் தள்ளிவிடலாம். சைலன்சர் குழாயின் உள்விட்டம் 42 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் வாய்ப்பரப்பு சுமார் 14 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 76 மில்லிமீட்டர் டிப்பை மாட்டினால் வாய் 45 சதுர சென்டிமீட்டராக விரிகிறது. மூன்று மடங்குக்கு மேல். பார்வைக்கு எஞ்சின் தாராளமாக மூச்சுவிடுவதுபோல் தோன்றும். ஆனால் புகை அந்த அகன்ற வாய்க்கு வருவதற்குள் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், நடுச் சைலன்சர், பின் சைலன்சர், 42 மில்லிமீட்டர் குழாய் எல்லாவற்றையும் கடந்தாகிவிட்டது. நெருக்கடி அங்கேதான். கடைசிப் பதினைந்து சென்டிமீட்டரை அகலப்படுத்துவதால் எஞ்சினுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அளந்து அறியக்கூடிய ஒரு குதிரைத்திறன்கூட இதில் வராது. வரும் என்று சொல்லி விற்பவரிடம் வேறு எதையும் நம்பி வாங்க வேண்டாம்.

சத்தத்தைப் பற்றிய நம்பிக்கை இன்னும் ஆழமானது. அதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது வினாடிக்கு 100 வெடிப்புகள். ஆக நாம் காதால் உணரும் அடிப்படைத் தொனி 100 ஹெர்ட்ஸ். சூடான புகையில் ஒலி வினாடிக்கு 400 மீட்டருக்கு மேல் பாய்கிறது. எனவே அந்தத் தொனியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கு மேல். நான்கு மீட்டர் நீள அலையைப் பதினைந்து சென்டிமீட்டர் தகரக் குழாய் என்ன செய்துவிட முடியும்? அந்த நீளமுள்ள குழாய் தானாக ஒத்திசைந்து ஒலிப்பது ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலேதான். அதனால் டிப் மாற்றிய பிறகு ஏதாவது வித்தியாசம் கேட்டால் அது கம்பீரம் கூடியதாக இருக்காது. மேலே ஒரு மெல்லிய தகர ஓசை சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஒற்றைச் சுவர் மெல்லிய டிப்பில் இது தெளிவாகக் கேட்கும். கெட்டியான தகடும் உள்பக்கம் மடித்த விளிம்பும் இதை அடக்கும்.

உறுமல் வேண்டும் என்பவர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். டிப் ஏமாற்றியதும் பட்டறையில் அடுத்த யோசனை தயாராக இருக்கும்: சைலன்சரைத் திறந்து உள்ளே இருக்கும் தடுப்புகளை எடுத்துவிடலாம், அல்லது பெட்டியையே கழற்றிவிட்டு நேர்க்குழாய் விடலாம். அது டிப் மாற்றுவதாகாது, வண்டியைக் கெடுப்பது. பொத்தேரியில் இதைச் சொல்வதற்குத் தனிக் காரணமும் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், மருத்துவமனை, கல்வி நிலையங்களைச் சுற்றிய 100 மீட்டரை அமைதி மண்டலமாக்க இடம் தருகின்றன. அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல் என்பது வரம்பு. நள்ளிரவில் சைலன்சர் இல்லாத ஒரு கார் அந்தச் சாலையில் கியர் மாற்றி ஏறினால் வார்டில் படுத்திருப்பவர் விழித்துக்கொள்வார். அந்த விழிப்பை எந்த ரசனையாலும் நியாயப்படுத்த முடியாது.

மிஞ்சுவது அழகு. இந்தக் காரணத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஒரு வண்டியின் பின்தோற்றத்தை நேர்த்தியாக முடித்துவைப்பது மதிக்கத்தக்க விருப்பம்தான். அழகுக்காகத்தான் மாட்டுகிறோம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் தேர்வு எளிதாகிறது. வேகத்தையும் சத்தத்தையும் சொல்லி விற்கும் பாதிச் சரக்கு தானாகவே விலகிவிடும்.

டிப்புக்கு முன் சைலன்சர்

டிப் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பெரும்பாலானவர்கள் அதைச் செய்வதில்லை. டிப்பைத் தாங்கப்போகும் சைலன்சர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் ஆக்ஸிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் இது. நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். பொத்தேரியிலிருந்து கூடுவாஞ்சேரி மார்க்கெட் வரை போய்த் திரும்புகிற வண்டியில் பின் சைலன்சர் சூடேறுவதற்குள் எஞ்சின் அணைந்துவிடுகிறது. ஆவி உள்ளேயே குளிர்ந்து, எரிந்த கந்தகத்தின் அமிலச் சுவட்டோடு பெட்டியின் அடியில் தேங்குகிறது. எனவே குறைந்த தூரம் ஓடும் வண்டியின் சைலன்சர் உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெளியில் பார்த்தால் பழுப்புப் படலம் மட்டும் தெரியும். உள்ளே தகடு காகிதமாகியிருக்கும்.

சோதனை கடினமானதல்ல. வண்டி ஆறியிருக்கும்போது ராம்பில் ஏற்றி, பெட்டியை மரச்சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். நல்ல தகடு திடமாக ஒலிக்கும். அரித்த தகடு பொத்தென்று சொல்லும், உள்ளே துருச்செதில் உதிரும் சரசரப்பும் கேட்கும். பிறகு குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, தடித்த துணியைச் சுருட்டிக் குழாயின் வாயைச் சில வினாடி பாதி அடைத்துப் பார்த்தால், ஓட்டையும் விட்டுப்போன மூட்டும் சீறிக் காட்டிக்கொடுக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல சைலன்சர்களின் அடியில் தயாரிப்பாளரே ஊசித்துளை போன்ற ஒரு வடிகால் விட்டிருப்பார். தேங்கிய தண்ணீர் சொட்டி வெளியேறுவதற்கான வழி அது. அதை ஓட்டை என்று நினைத்து வெல்டு வைத்து அடைத்தால் சைலன்சரின் ஆயுள் பாதியாகும்.

கூடவே ஹேங்கர் ரப்பர்களையும் பார்க்க வேண்டும். இருபது வயது வண்டியில் அவை இழுபட்டு, வெடித்து, சைலன்சரை ஒருபக்கம் தொங்கவிட்டிருக்கும். தொங்கும் குழாயில் எவ்வளவு அழகான டிப்பை மாட்டினாலும் கோணலாகத்தான் நிற்கும். ரப்பரை மாற்றிய பிறகே அளவெடுக்க வேண்டும். சைலன்சர் அரித்திருந்தால் டிப்பை மறந்துவிட்டுப் பின் சைலன்சரை முழுதாக மாற்றுவதே முறை. புதுப்பேட்டையில் கழற்றிய பழைய சைலன்சர் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அதுவும் இதேபோல் உள்ளிருந்து அரித்ததாக இருக்க வாய்ப்பு மிகுதி. இந்த ஒரு பாகத்தில் பழையது வாங்கி மிச்சம் பிடிக்க முடியாது.

எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல

கடையில் அடுக்கியிருக்கும் டிப்புகள் எல்லாமே வெள்ளியாய் மின்னும். அவற்றில் மூன்று இனங்கள் கலந்திருக்கும்.

முதலாவது, சாதா இரும்பின்மேல் குரோம் பூசியது. விலை மலிவு. பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். சூடும் ஈரமும் மாறிமாறிப் படும்போது அவற்றின் வழியே துரு கிளம்பி, பூச்சு கொப்புளித்து உரியும். டிப்பின் உட்புறத்தில் பெரும்பாலும் பூச்சே இருக்காது. அமிலத் தண்ணீர் படுவதோ அங்கேதான். இந்த இனத்தைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும், கப்பென்று ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, நிக்கல் குறைத்து மாங்கனீசு கூட்டிய 200 வரிசை எவர்சில்வர். கடைத்தெருவில் ஜே4 என்றும் 202 என்றும் புழங்குவது இதுதான். ஜே4 வகையில் நிக்கல் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். மூன்றாவது, 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304. இரண்டும் புதிதாக இருக்கும்போது ஒன்றுபோலவே பளபளக்கும். இரண்டிலும் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். காந்தத்தை வைத்துக் காட்டி 'அசல் 304' என்று சொல்லும் விற்பனையாளர் நம்மிடம் பாதி உண்மையைத்தான் சொல்கிறார். அது குரோம் பூசிய இரும்பில்லை என்பது மட்டுமே அதில் நிரூபணமாகிறது. 304-ஐயும் 202-ஐயும் பிரித்துக் காட்டுவது பழைய உலோக வியாபாரிகள் வைத்திருக்கும் சோதனைத் திரவம். ஒரு சொட்டு விட்டு, 9 வோல்ட் பேட்டரியைத் தொடவைத்தால், மாங்கனீசு மிகுந்த உலோகத்தில் அந்தச் சொட்டு சிவக்கும். அந்தச் சொட்டு விழுந்த இடத்தில் கறை தங்கும் என்பதால், டிப்பின் உட்பக்கத்தில், குழாய்க்குள் மறையும் பகுதியில் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு இசையாத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போவது நல்லது.

இந்த வேறுபாடு நம் பகுதியில் ஏட்டளவில் நிற்பதில்லை. பொத்தேரி கடலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் உள்ளே இருக்கிறது. ஆனால் இங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பும் பழைய கார்கள் போவது பெரும்பாலும் கடற்கரைக்குத்தான்: கேளம்பாக்கம் வழியாகக் கோவளம், அல்லது செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்த வண்டியின் மேல் விரலை ஓட்டி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உப்பிலுள்ள குளோரைடு எவர்சில்வரின் மேல் காக்கும் மெல்லிய படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கிறது. முதலில் தேநீர்க் கறைபோன்ற பழுப்பு. பிறகு அதன் நடுவில் ஊசிக்குழி. ஜே4 டிப்பில் இந்தக் கறை ஒரே மழைக்காலத்துக்குள் வந்துவிடும். 304-இல் வெகுகாலம் தாழ்ந்து, அதுவும் கழுவாமல் விட்டால்தான் வரும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்த்த 316 இதற்கு இன்னும் நன்றாக ஈடுகொடுக்கும். கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ கல்பாக்கத்திலோ கடலைப் பார்த்த வீட்டில் வண்டி நிற்குமானால் 316-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணில்லை. பொத்தேரியில் நிற்கும் வண்டிக்கு 304 போதும். கடற்கரையிலிருந்து திரும்பியதும் ஒரு வாளி நல்ல தண்ணீரால் பின்பக்கத்தைக் கழுவிவிட்டாலே போதுமானது.

இங்கே ஒரு நியாயமான மறுப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். கார்க் கம்பெனிகளே சைலன்சருக்கு 304 போடுவதில்லையே, 11 விழுக்காடு குரோமியம் மட்டுமுள்ள 409 வகையைத்தானே பயன்படுத்துகிறார்கள் என்று பட்டறையில் கேட்பார்கள். உண்மைதான். 409 சூட்டைத் தாங்கும், விலை குறைவு, சூடேறும்போது விரிவதும் குறைவு. ஆனால் வெளிப்பரப்பில் பழுப்பேறுவது அதன் இயல்பு. வண்டிக்கு அடியில் மறைந்திருக்கும் பெட்டிக்கு அது குறையாகாது. வெளியே தெரிவதற்கென்றே மாட்டும் பாகத்துக்கு அது குறைதான். வேலை வேறு என்பதால் உலோகமும் வேறு.

அளவும் வடிவும்

அளவைக் கடையில் வைத்து ஊகிக்கக் கூடாது. வீட்டிலேயே வெர்னியரால் குழாயின் வெளிவிட்டத்தை இரண்டு குறுக்குவாட்டில் அளக்க வேண்டும். பழைய குழாய் எங்கேனும் இடிபட்டு நீள்வட்டமாகியிருக்கும். பெரிய அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். டிப்பின் உள்விட்டம் அதைவிட ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் சரி. அதற்கு மேல் இடைவெளி இருந்தால் கிளாம்ப் ஒருபக்கமாக இறுக்கி டிப்பைச் சாய்த்துவிடும். உள்ளே நான்கு, ஐந்து சென்டிமீட்டராவது குழாய் நுழைய வேண்டும். மூன்று சின்னப் போல்ட்டுகளின் நுனியில் மட்டும் நிற்கும் டிப்புகளும் விற்கின்றன. அவை நம் வேகத்தடைகளில் குலுங்கிக் குலுங்கித் தளர்ந்து ஒருநாள் சாலையில் விழும். பின்னால் வரும் இருசக்கர வண்டிக்கு அது ஆபத்து. அவற்றைத் தொடவே வேண்டாம்.

வெளிவிட்டம் எவ்வளவு? ஐகானின் பின்புறம் உயரமும் ஒடுக்கமும் கொண்டது. நான்கு அங்குல டிப் அதன்கீழ் கடன் வாங்கியதுபோல் தெரியும். இரண்டரை அங்குலத்துக்குள் நிற்கும் ஒற்றை வட்ட டிப்தான் அந்த உடலுக்குப் பொருந்துகிறது. இரட்டை டிப் இரண்டு சைலன்சர் உள்ள வண்டியின் அடையாளம். ஒரு குழாயின் நுனியில் மட்டும் அதைக் காட்டுவது பொய் சொல்வது. விளிம்பு உள்பக்கம் மடிந்திருக்கட்டும். கூரான வெட்டு விளிம்பு, நெரிசலில் வண்டிக்குப் பின்னால் நெருங்கி நடப்பவரின் கெண்டைக்காலைக் கிழிக்கும்.

பம்பரோடு விடும் இடைவெளிதான் அளவுகளில் தலையானது. ஐகானில் எஞ்சின் குறுக்குவாட்டில் இருக்கிறது. கியர் போட்டு முடுக்கும்போது அது முன்னும் பின்னும் ஆட, அதோடு சேர்ந்து குழாய் முழுவதும் ஆடும். சூட்டில் நீளவும் செய்யும். மூன்று மீட்டர் இரும்புக் குழாய் சராசரியாக 200 டிகிரி சூடேறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீள்கிறது. பம்பரின் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். 160 டிகிரியில் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே இளகும். ஆகவே மேலும் பக்கங்களிலும் 20 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். பம்பரின் வெளிக்கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளடங்கி நிற்கும்படி குளிரில் வைத்தால், சூட்டில் நீண்ட பிறகும் அது அடக்கமாகவே நிற்கும். வெளியே துருத்தும் டிப் ரிவர்ஸ் எடுக்கும்போது சுவரில் இடிக்கும். அந்த இடி நேராகச் சைலன்சரின் மூட்டுக்குப் போகும்.

வெல்டா, கிளாம்பா?

பட்டறைக்காரர்கள் வெல்டுக்கே வாக்களிப்பார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு: வெல்டு வைத்த டிப் தளராது, திரும்பாது, திருடு போகாது, ஓசை எழுப்பாது. புதுச் சைலன்சரை வெளியே கழற்றி வைத்து, ஆர்கான் வெல்டிங்கில், எவர்சில்வரையும் வேறு இரும்பையும் இணைப்பதற்கான 309 எல் கம்பியைக் கொண்டு ஒருவர் பொறுமையாகச் செய்தால் அதைவிட நேர்த்தி வேறில்லை.

ஆனால் நம் கேள்வி பழைய வண்டியைப் பற்றியது. பழைய குழாயின் சுவர் தொடக்கத்திலேயே ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருந்திருக்கும். இப்போது அரித்து இன்னும் மெலிந்திருக்கும். அதன்மேல் ஆர்க் வெல்டிங் ராடை வைத்தால் ஓட்டை விழும். அதை மூட இன்னொரு வெல்டு, அதன் பக்கத்தில் இன்னொரு ஓட்டை. வண்டியிலேயே வைத்து வெல்டு அடிப்பது அதைவிடப் பெரிய ஆபத்து: பெட்ரோல் டேங்க் அருகில் இருக்கிறது, பேட்டரியைக் கழற்றாமல் விட்டால் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் கேடு. சைலன்சரை அடுத்த முறை மாற்றும்போது டிப்பையும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கிளாம்புக்கும் குறைகள் உண்டு. சூட்டில் 304 விரியும் அளவு, 409-ஐயும் சாதா இரும்பையும்விடக் கூடுதல். வெளியே இருக்கும் டிப் உள்ளே இருக்கும் குழாயைவிட அதிகம் விரிவதால், ஒவ்வொரு சூட்டிலும் பிடி சிறிது தளர்ந்து, ஆறும்போது இறுகுகிறது. 45 மில்லிமீட்டர் குழாயில் அந்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான். ஆனாலும் ஆயிரம் முறை நடக்கும்போது போல்ட் தளரத்தான் செய்யும். இரண்டு உலோகங்களுக்கு இடையிலுள்ள சந்தில் உப்புத் தண்ணீரும் தங்கும். இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. யு-போல்ட்டுக்குப் பதிலாகக் குழாயைச் சுற்றி முழுதாக அணைக்கும் அகலமான பட்டைக் கிளாம்ப். சந்திலும் போல்ட் மரையிலும் சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் பசை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டும் பழக்கம். வெல்டின் குறைகளுக்கு இப்படி மருந்து கிடையாது. ஆகையால் பழைய குழாய்க்குக் கிளாம்ப், புதிதாக மாற்றிய சைலன்சருக்கு மட்டும் கழற்றிவைத்துச் செய்யும் ஆர்கான் வெல்டு என்று பிரித்துக்கொள்வதே அறிவு.

மாட்டும் முறை இது. குழாயின் நுனியில் உள்ள துருவை எமரித் தாளால் தேய்த்து, விளிம்புப் பிசிறை அரத்தால் ராவ வேண்டும். வண்டி நான்கு சக்கரத்திலும் நின்றபடி, பசையில்லாமல் டிப்பை நுழைத்து, இரண்டடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து பம்பரோடு நேராக இருக்கிறதா என்று பார்த்து, மார்க்கரால் கோடு போட வேண்டும். பிறகு பசை தடவி, கோடுவரை நுழைத்து, கிளாம்பை இறுக்கலாம். இருபது நிமிடம் ஓட்டி வந்து, வண்டி ஆறியபின் மறுபடி ஒரு சுற்று இறுக்கினால் வேலை முடிந்தது. எஞ்சின் ஓடும்போது கையால் தட்டிப் பார்த்தால் விரல் பொசுங்கும். மரக்கட்டையால் தட்டிக் கேளுங்கள். கிணுகிணுப்பு இல்லையென்றால் பொருத்தம் சரி.

சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் மாற்றம் என்பதற்குச் சட்டமே தரும் விளக்கம், வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்பது. சைலன்சரை அப்படியே விட்டு நுனியில் மாட்டும் அலங்கார உறை அந்த வரையறைக்குள் வராது என்பது என் வாசிப்பு. சைலன்சரைக் குடைவதும் கழற்றுவதும் சந்தேகமின்றி வரும். ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம் என்று மத்திய மோட்டார் வாகன விதி 120 சொல்கிறது. ஒலி, காற்று மாசு வரம்பை மீறினால் 190-ஆம் பிரிவின்கீழ் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

விதி 112-ஐயும் டிப் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். புகை கீழ்நோக்கியோ இடப்புறமோ போகாமல், வலப்புறமோ பின்புறமோ வெளியேற வேண்டும் என்கிறது அது. ஆகவே கரி படியாமலிருக்கக் கீழே வளைத்த டிப் என்று விற்பதை வாங்க வேண்டாம். உள்ளே வலையோ தடுப்போ வைத்த டிப்பும் வேண்டாம். புகைச் சோதனைச் சான்றுக்குக் கருவியின் குழல் ஒரு அடி அளவுக்கு உள்ளே போக வேண்டும்; வலை அதை மறிக்கும். பதினைந்து வயது கடந்த ஐகானுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் நிற்க வேண்டியிருக்கிறது. கழற்றி மாட்டக்கூடிய டிப் அன்றைக்கும் வசதி.

ஹெரால்டுக்கு வேறு நியாயம்

இதே ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆலை 1988 வரை இயங்கியது. 1961 முதல் அங்கே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். அந்த ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தான் டிரையம்ஃப் நிறுவனம் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. அந்த வகையில் ஸ்போர்ட்ஸ் கார் ரத்தம் ஓடும் சென்னை வண்டி ஹெரால்டு. ஐகானுக்கு மேலே சொன்ன டிப் யோசனைகள் அதற்குப் பொருந்தாது. ஐம்பது வயதைக் கடந்து, மூல வடிவில் இருக்கும் வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவுசெய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி வகுத்தது. அந்தத் தகுதிக்கு உரிய வண்டியின் மதிப்பு அதன் அசல் தன்மையில்தான் இருக்கிறது. மெல்லிய, பூச்சற்ற ஒற்றைக் குழாய்தான் அதன் காலத்தின் கையெழுத்து. அதன் நுனி அரித்திருந்தால் அதே விட்டத்தில் அதே போன்ற குழாயை ஒட்டிச் சீர்செய்யுங்கள், டிப் வேண்டாம்.

தீர்ப்பு

ஐகானுக்கு வருகிறேன். பொத்தேரியில் நிற்கும் 1.6 ஐகானுக்கு என் தேர்வு: 304 எவர்சில்வரில், இரண்டரை அங்குலத்துக்குள், உள்மடிந்த விளிம்போடு, கெட்டியான தகட்டில் செய்த ஒற்றை நேர் டிப், பட்டைக் கிளாம்ப், பம்பரிலிருந்து 20 மில்லிமீட்டர் இடைவெளி, ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம். கடற்கரையில் குடியிருந்தால் உலோகத்தை மட்டும் 316 ஆக்கிக்கொள்ளுங்கள். குரோம் பூசிய இரும்பு, ஜே4, மூன்று போல்ட் டிப், கீழ்நோக்கி வளைந்தது, நான்கு அங்குல வாய், போலி இரட்டை ஆகிய ஆறும் தள்ளுபடி.

கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்கு மட்டுமே போதுமென்றால் அதை ஹேங்கர் ரப்பருக்கும் சைலன்சருக்கும் கொடுங்கள். டிப் அடுத்த மாதம் வரட்டும். டிப் இல்லாத நல்ல சைலன்சரோடு ஐகான் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அரித்த சைலன்சரின் நுனியில் எந்த டிப்பும் நிற்காது.